டின்னில் எழுதியிருக்கும் 300 டிகிரி: உயர்வெப்ப கிரீஸ் குறித்த வாசகர் கேள்விகள்

சூடான இடத்தில் ஓடும் பேரிங்குகளுக்கு எந்த கிரீஸ் பொருந்தும் என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து ஏழு கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், பேரிங் எண், வேகம், வெப்பநிலை ஆகிய மூன்றையும் எழுதியவருடைய கடிதத்தையே எடுத்துக்கொண்டேன். அம்மூன்றும் இல்லாத கடிதத்துக்குப் பதில் எழுதுவது, நாடி பார்க்காமல் மருந்து சொல்வதைப் போன்றது.

கேள்வி: ஐயா, அரியலூர் மாவட்டத்தில் ஒரு சிமென்ட் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். சூடான காற்றை இழுக்கும் ஃபேன் ஒன்றில், 22220 எண் கொண்ட ஸ்பெரிக்கல் ரோலர் பேரிங் நிமிடத்துக்கு 980 சுற்று வேகத்தில் ஓடுகிறது. ஹவுசிங்கின் வெளிப்புறம் 95 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. டிராப்பிங் பாயின்ட் 300 டிகிரிக்கு மேல் என்று டின்னில் அச்சிட்டிருந்த கிரீஸை வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடித்து வந்தோம். ஐந்தாம் மாதத்தில் பேரிங் போய்விட்டது. திறந்து பார்த்தபோது உள்ளே கிரீஸ் கறுத்துக் கட்டியாகிக் கிடந்தது. 300 டிகிரி தாங்கும் கிரீஸ் 95 டிகிரியில் கருகியது எப்படி?

பதில்: டின்னில் இருந்த எண் பொய்யில்லை, அது நீங்கள் நினைத்ததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். டிராப்பிங் பாயின்ட் சோதனையில், அடியில் துளை உள்ள மிகச் சிறிய கிண்ணம் ஒன்றில் கிரீஸைத் தடவிச் சூடேற்றிக்கொண்டே போவார்கள். துளை வழியாக முதல் சொட்டு விழும்போது வெப்பமானி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். குறுகிய நேரத்தில் முடிந்துவிடும் இந்தச் சோதனை, கிரீஸின் கட்டுமானம் எந்தச் சூட்டில் குலைகிறது என்பதைத் தெரிவிக்கிறதே தவிர, மாதக் கணக்கில் அந்தச் சூட்டில் பேரிங் ஓடுமா என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

கிரீஸில் எடையளவில் 70 முதல் 95 விழுக்காடு வரை எண்ணெய்தான் இருக்கிறது. அதை ஓடிவிடாமல் பிடித்து வைத்திருக்கும் கெட்டியாக்கியும், துருவையும் ஆக்சிஜனேற்றத்தையும் தடுக்கும் சேர்மானங்களும்தான் மீதி. அகல் விளக்கில் திரி எண்ணெயை உறிஞ்சி வைத்திருந்து சுடருக்குச் சிறிது சிறிதாகக் கொடுப்பதைப் போல, கெட்டியாக்கி எண்ணெயைக் கசியவிடுகிறது. அந்த எண்ணெய்தான் ரோலருக்கும் வளையத்துக்கும் நடுவே மெல்லிய படலமாக நின்று, உலோகம் உலோகத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறது. டிராப்பிங் பாயின்ட் என்பது திரியின் குணம். உங்கள் பேரிங்கில் தீர்ந்துபோனதோ எண்ணெய்.

நீங்கள் வாங்கியது பென்டோனைட் களிமண்ணைக் கெட்டியாக்கியாகக் கொண்ட கிரீஸாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். களிமண் உருகாது, ஆகவே அதற்கு டிராப்பிங் பாயின்டே இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதில் ஊறியிருப்பது சாதாரண மினரல் எண்ணெய் என்றால், அது எல்லா மினரல் எண்ணெயையும் போலத்தான் ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஆவியாகி, பிசினாகும். எண்ணெய் போன பிறகு எஞ்சுவது உலர்ந்த களிமண். வடைச் சட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கசட்டைப் போன்றது. கெட்டியாக்கி எவ்வளவு தாங்கினாலும், நெடுநாள் ஓட்டத்தில் மினரல் எண்ணெய் ஏறத்தாழ 120 டிகிரி வரையிலும், பி.ஏ.ஓ. எனப்படும் செயற்கை எண்ணெய் 150 வரையிலும், எஸ்டர் வகை 180 வரையிலும்தான் பயன்படும். கெட்டியாக்கியின் பெயராலேயே அழைக்கப்படும் கிரீஸ்களில், சாதாரண லித்தியம் கிரீஸின் டிராப்பிங் பாயின்ட் 180 முதல் 200 டிகிரி, லித்தியம் காம்ப்ளெக்ஸினுடையது 260 டிகிரி அளவில், கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸினுடையது 300க்கும் மேல். ஆனால் மூன்றும் ஒரே மினரல் எண்ணெயில் செய்யப்பட்டிருந்தால், அந்த எண்ணெயின் ஆயுளைத் தாண்டி மூன்றுமே நிற்கப்போவதில்லை.

அடுத்து உங்கள் 95 டிகிரியைப் பார்ப்போம். அது ஹவுசிங்கின் வெளித்தோல். வெப்பம் உண்டாகும் இடத்தில், அதாவது ரோலர்களிலும் உள்வளையத்திலும், பத்து டிகிரியேனும் கூடுதலாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளக்கும் உலோகத்தின் மீது பிடித்து அளந்திருந்தால் அந்த எண்ணும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டியிருக்கும். அளக்கும் இடத்தில் சிறிது கறுப்புப் பெயின்ட் பூசிவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். இப்போதைக்கு 105 என்று வைத்துக் கணக்கிடுகிறேன்.

கிரீஸைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது, அந்தச் சூட்டில் எண்ணெய் போதுமான தடிமனுடன் இருக்குமா என்பதைத்தான். பேரிங்கின் உள் விட்டம் 100 மி.மீ., வெளி விட்டம் 180 மி.மீ.; சராசரி 140. இந்த அளவுக்கும் 980 சுற்று வேகத்துக்கும், ஐ.எஸ்.ஓ. 281 தரநிலையில் உள்ள சூத்திரத்தின்படி, ஓடும் வெப்பநிலையில் எண்ணெய்க்கு ஏறக்குறைய 12.5 சென்டிஸ்டோக் பாகுத்தன்மை (எண்ணெயின் தடிப்பை அளக்கும் அலகு சென்டிஸ்டோக்) இருந்தாக வேண்டும். 40 டிகிரியில் 100 சென்டிஸ்டோக் உள்ள மினரல் எண்ணெய் 105 டிகிரியில் பத்துக்கு இறங்கிவிடும், அது போதாது. 40 டிகிரியில் 220 உள்ளது 16 அளவில் நிற்கும், அது போதும். 460க்குப் போக வேண்டிய தேவை இந்த வேகத்தில் இல்லை. தேவைக்கு மேல் தடித்த எண்ணெய் கெட்டியாக்கியிலிருந்து கசியத் தயங்குவதோடு, தானே சூட்டையும் கூட்டும். ஆகவே அடிப்படை எண்ணெய் 220, என்.எல்.ஜி.ஐ. தரம் (கிரீஸின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) 2, லித்தியம் காம்ப்ளெக்ஸ் அல்லது பாலியூரியா கெட்டியாக்கி என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். எண்ணெய் செயற்கை வகையாக இருந்தால் இன்னும் நல்லது. ‘ஹை டெம்ப் கிரீஸ்’ என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அதுதான் வரும்.

உங்கள் பேரிங்கைக் கொன்றதில் கிரீஸின் வகையைவிட மூன்று மாத இடைவெளிக்கே பங்கு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. பேரிங் நிறுவனங்களின் அட்டவணைகள் 70 டிகிரியை அடிப்படையாகக் கொண்டவை. அதற்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும். அட்டவணை 3,000 மணி நேரம் என்று காட்டுவதாக வைத்துக்கொண்டால், 105 டிகிரியில் அது ஐந்தில் ஒரு பங்காகி, 600 மணி நேரத்துக்கு, அதாவது 25 நாளுக்கு வந்து நிற்கிறது. நீங்களோ 2,000 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்திருக்கிறீர்கள்.

கடைசியாக, டின்னில் ‘கே.பி. 2 என்-30’ என்பதைப் போன்ற குறியீடு இருந்தால் டிராப்பிங் பாயின்டை விட்டுவிட்டு அதைப் படியுங்கள். ஜெர்மானியத் தரநிலையான டி.ஐ.என். 51502இன்படி, ‘கே’ என்பது ரோலிங் பேரிங்குக்கானது, ‘பி’ என்பது அதிக அழுத்தம் தாங்கும் சேர்மானம் உள்ளது, ‘2’ என்பது என்.எல்.ஜி.ஐ. தரம், ‘என்’ என்பது மேல் வரம்பு 140 டிகிரி, கடைசியில் இருப்பது கீழ் வரம்பு மைனஸ் 30. மேல் வரம்பில் ‘கே’ 120, ‘பி’ 160, ‘ஆர்’ 180 என்று எழுத்துகள் ஏறிக்கொண்டே போகும். ஆனால் இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த மேல் வரம்பு என்பது, சோதனைக் கருவியில் அந்த வெப்பநிலையில் பேரிங்குகளில் பாதி பழுதாவதற்குள் குறைந்தது 100 மணி நேரம் கடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் தீர்மானிக்கப்படுவது. நூறு மணி நேரம் என்பது நான்கு நாளும் சில மணியும். மேல் வரம்பிலிருந்து 30, 40 டிகிரி கீழே ஓட்டினால்தான் ஆலையில் நாம் எதிர்பார்க்கும் ஆயுள் கிடைக்கும்.

கேள்வி: திருப்பூரில் பின்னலாடைத் துணிகளுக்கு ஸ்டென்டர் (துணியை விரித்துப் பிடித்துச் சூடான அறை வழியாகச் செலுத்தும் இயந்திரம்) ஓட்டுகிறோம். பாலியெஸ்டர் கலந்த துணிக்கு ஹீட் செட்டிங் செய்யும்போது அறையின் சூடு 190 முதல் 200 டிகிரி வரை போகும். செயினில் உள்ள சிறு பேரிங்குகளில் அடிக்கும் கிரீஸ் உருகித் துணியில் கறை விழுகிறது. பி.எஃப்.பி.ஈ. என்ற ஃப்ளூரின் சார்ந்த செயற்கை எண்ணெயில் செய்த கிரீஸைப் போடச் சொல்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அந்த விலைக்கு அது தகுமா?

பதில்: உங்கள் வேலைக்குத் தகும், போடும் முறையில் தவறினால் காசைக் கொட்டியது வீணாகும்.

வாங்குவதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். அறையின் சூடு 200 என்பதால் பேரிங்கும் 200 என்று பொருளில்லை. செயின் ஒவ்வொரு சுற்றிலும் வெளியே வந்து சற்று ஆறிவிட்டுத்தான் மறுபடி உள்ளே போகிறது. குறிப்பிட்ட சூட்டைத் தொட்டவுடன் நிறம் மாறி அப்படியே நின்றுவிடும் வெப்பநிலை ஒட்டிகள் கிடைக்கின்றன. இரண்டு மூன்று செயின் கண்ணிகளில் அவற்றை ஒட்டி ஒரு ஷிஃப்ட் ஓட்டினால் உண்மை தெரிந்துவிடும். பேரிங் 160 டிகிரிக்குள் இருந்தால், எஸ்டர் எண்ணெயில் பாலியூரியா சேர்த்துச் செய்த கிரீஸை அடிக்கடி சிறிதளவு போட்டே சமாளிக்கலாம். 180ஐத் தாண்டுகிறது என்றால் பி.எஃப்.பி.ஈ. தவிர வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஃப்ளூரின் அணுக்களால் சூழப்பட்ட அந்த எண்ணெய், 220 டிகிரியிலும் ஆக்சிஜனேற்றம் அடையாது, பிசினாகாது. அதன் கெட்டியாக்கி பி.டி.எஃப்.ஈ., அதாவது ஒட்டாத தோசைக்கல்லில் பூசப்படும் அதே பொருள்.

விலையைக் கிலோவுக்குப் பார்க்காமல் பேரிங்குக்குப் பாருங்கள். அதன் அடர்த்தி ஏறத்தாழ 1.9, சாதாரண கிரீஸைப் போல இரு மடங்கு. ஆகவே ஒரு கிலோவில் உங்களுக்குக் கிடைப்பது 525 மில்லி லிட்டர் அளவில்தான். ஒரு பேரிங்குக்கு ஒரு மில்லி லிட்டர் என்றால் ஒரு கிலோ ஐந்நூறு பேரிங்குக்கு வரும். கிராம் கணக்கில் எழுதிய பழைய அட்டவணையைப் பார்த்துப் போட்டால் தேவையில் பாதிதான் உள்ளே போகும் என்பதையும் இந்த இடத்தில் நினைவில் வையுங்கள். கறையால் இரண்டாம் தரமாகும் துணியின் மதிப்பை ஒரு மாதம் எழுதிவைத்து, இந்தக் கணக்கோடு ஒப்பிட்டு நீங்களே முடிவு செய்யலாம்.

போடும் முறைக்கு வருகிறேன். பி.எஃப்.பி.ஈ. வேறு எந்த எண்ணெயோடும் கலக்காது. பழைய கிரீஸின் மீதே இதைப் போட்டால், உலோகத்தில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வெளியேறும். பேரிங்கைச் சால்வென்டில் கழுவி, புதிய பேரிங்காக இருந்தால் அதன் மேல் பூசியிருக்கும் துருத் தடுப்பு எண்ணெயையும் துடைத்து, நன்றாக உலர்த்திய பிறகே நிரப்ப வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் செயினில் இதைச் செய்ய முடியாது. செயினைக் கழற்றும் பெரும் பராமரிப்பின்போதுதான் மாற வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: 300 டிகிரியை நெருங்கும் சூட்டில் இது சிதைந்து நச்சுப் புகையை வெளியிடும். இந்த கிரீஸ் பட்ட கையோடு பீடியோ சிகரெட்டோ பிடிக்கக் கூடாது என்பதை உங்கள் ஃபிட்டர்களுக்குக் கட்டாயம் சொல்லிவையுங்கள். இந்த கிரீஸ் உள்ள உதிரிபாகத்தின் மீது கேஸ் வெல்டிங் டார்ச்சைக் காட்டுவதும் அதே ஆபத்துதான்.

கேள்வி: சிவப்பு கிரீஸ் சூட்டுக்கு, நீல கிரீஸ் வேகத்துக்கு என்று எங்கள் மேஸ்திரி சொல்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. அது சாயம். ஒரே நிறுவனத்தின் இரண்டு கிரீஸ்களைத் தொழிலாளர்கள் மாற்றி எடுத்துவிடாமல் இருக்க உதவும். வேறு நிறுவனத்தின் சிவப்புக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. கறுப்பு அல்லது சாம்பல் நிறம் மட்டும் பெரும்பாலும் உள்ளே மாலிப்டினம் டைசல்ஃபைடோ கிராஃபைட்டோ இருப்பதைக் காட்டும். அப்படிப்பட்டதை வேகமாக ஓடும் மோட்டார் பேரிங்கில் போட வேண்டாம்.

கேள்வி: பேரிங் சூடானால் கிரீஸ் அடிக்கிறோம். அடித்த பிறகு சூடு இன்னும் ஏறுகிறது. எவ்வளவு அடிப்பது என்று கணக்கு உண்டா? எங்கள் மோட்டாரில் இருப்பது 6312.

பதில்: உண்டு, எளியதுதான். பேரிங்கின் வெளி விட்டத்தையும் அகலத்தையும் மில்லி மீட்டரில் பெருக்கி, 0.005ஆல் பெருக்கினால், ஒரு தடவை அடிக்க வேண்டிய கிரீஸ் கிராமில் கிடைக்கும். 6312க்கு வெளி விட்டம் 130, அகலம் 31. கணக்குப்படி 20 கிராம். வெளிவளையத்தின் நடுவே பள்ளமும் துளையும் உள்ள ஸ்பெரிக்கல் ரோலர் பேரிங்கில், அந்தத் துளை வழியாகவே அடிப்பதாக இருந்தால் 0.002 போதும். மேலே அரியலூர் வாசகர் சொன்ன 22220இன் அகலம் 46 மி.மீ.; பக்கவாட்டில் அடித்தால் 41 கிராம் வேண்டும், நடுத்துளை வழியாக என்றால் 17 கிராமிலேயே முடிந்துவிடும்.

அடுத்த சிக்கல், 20 கிராம் என்பது எத்தனை அடி என்பது. கிரீஸ் கன்னுக்குக் கன் இது மாறும். பழைய செய்தித்தாள் ஒன்றின் மீது பத்து அடி அடித்து, மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பத்தால் வகுத்துவிடுங்கள். அந்த எண்ணைக் கன்னின் மீதே பெயின்டில் எழுதிவைத்தால் ஆள் மாறினாலும் அளவு மாறாது. நான் பார்த்த ஆலைகளில் இந்த ஒரு வேலையைச் செய்து வைத்திருந்தவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

அடித்த பிறகு சூடு ஏறுவதில் இரண்டு நிலை உண்டு. புதிய கிரீஸ் உள்ளே பரவி, மிகுதி ஓரங்களுக்கு ஒதுங்கும் வரையில் சில மணி நேரம் வெப்பநிலை ஏறிவிட்டுப் பிறகு இறங்குவது இயல்பு. அதைக் கண்டு பதற வேண்டாம். ஏறியது இறங்காமலே நின்றால், ஹவுசிங் நிரம்பி வழிகிறது என்று பொருள். உள்ளே இருக்கும் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் கிரீஸ் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் ரோலர்கள் கிரீஸைக் கடைந்துகொண்டே இருக்கும், கடைவதே சூடாகும். கீழே உள்ள டிரெய்ன் பிளக்கைக் கழற்றிவிட்டு, இயந்திரம் ஓடும்போதே அடித்து, மிகுதி வெளியேறிய பிறகு பிளக்கை மூடுங்கள். பல மோட்டார்களில் அந்த பிளக் பெயின்டுக்கு அடியில் பல ஆண்டுகளாகத் திறக்கப்படாமல் இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி: ஏற்கெனவே லித்தியம் கிரீஸ் உள்ள பேரிங்கில் பாலியூரியாவை அடிக்கலாமா? எல்லாமே கிரீஸ்தானே?

பதில்: கூடாது. இதை நான் நூலில் படித்துச் சொல்லவில்லை. பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன காலத்தில், ஓர் ஆலையின் புளோயர் மோட்டார்களுக்கு மேலான கிரீஸ் என்று பாலியூரியாவை வரவழைத்து, பழையதைக் கழுவாமல் அதன் மீதே அடிக்கச் சொன்னவன் நான்தான். ஒரு வாரத்தில் இரண்டு மோட்டார்களின் அடியில் மோர் கொட்டியதைப் போல நீர்த்த கிரீஸ் வழிந்து கிடந்தது. தனித்தனியே இரண்டும் நல்ல கிரீஸ்கள். கலந்தபோது ஒன்றின் கட்டுமானத்தை மற்றொன்று குலைத்துவிட்டது. எண்ணெயைப் பிடித்து வைக்க ஆளில்லை. சில கலவைகளில் இதற்கு நேர்மாறாக, கிரீஸ் இறுகிப்போவதும் உண்டு.

லித்தியமும் லித்தியம் காம்ப்ளெக்ஸும் பொதுவாக ஒத்துப்போகும். களிமண் கிரீஸை வேறு எதனோடும் கலக்காமல் இருப்பதே நல்லது. பாலியூரியாவிலேயே ஒரு நிறுவனத்தினுடையது மற்றொன்றினுடையதோடு ஒத்துப்போகும் என்று உறுதியில்லை. புதிய மோட்டார் வாங்கினால் பெயர்ப் பலகையில் எந்த கிரீஸ் நிரப்பி அனுப்பினார்கள் என்று பெரும்பாலும் குறித்திருப்பார்கள். பெரிய மோட்டார்களில் இப்போது பாலியூரியாவே மிகுதியாக வருகிறது. லித்தியம் கிரீஸில் கெட்டியாக்கியாக இருக்கும் உலோகச் சோப்பு அதில் இல்லாததால் எண்ணெயின் ஆக்சிஜனேற்றம் மெதுவாகவே நடக்கும். மோட்டார்க்காரர்கள் அதை விரும்புவதற்குக் காரணம் அதுதான். மாற்றியே ஆக வேண்டும் என்றால், கழற்றிக் கழுவி நிரப்புங்கள். கழற்ற வழியில்லை என்றால் டிரெய்னைத் திறந்துவைத்துப் புதிய கிரீஸை அடித்துப் பழையதைத் தள்ளி வெளியேற்றி, முதல் சில வாரங்களுக்கு அந்தச் செயலைக் குறுகிய இடைவெளியில் திரும்பச் செய்யுங்கள். இது இரண்டாந்தர வழி, கழுவுவதற்கு ஈடாகாது.

கேள்வி: கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை. உலையிலிருந்து செக்கச் சிவந்த பில்லெட் (கம்பியாக உருட்டப்படும் எஃகுக் கட்டை) வந்து விழும் ரோலர் டேபிளின் பேரிங்குகள் நிமிடத்துக்கு 60 சுற்று அளவில்தான் ஓடுகின்றன. சூடு ஒருபுறம், அதன் மேல் படியும் ஆக்சைடுச் செதிலான ஸ்கேலைக் கழுவும் தண்ணீர் மறுபுறம். லித்தியம் காம்ப்ளெக்ஸ் போட்டும் துரு பிடிக்கிறது. பேரிங் வெப்பநிலை 90 டிகிரி. கால்சியம் சல்ஃபோனேட் மேல் என்கிறார்கள். லித்தியம் கிரீஸின் விலை ஏன் இப்படி ஏறியது என்றும் சொல்லுங்கள்.

பதில்: 1,100 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பில்லெட் கண்ணெதிரே போவதால் ‘மிக உயர்வெப்ப கிரீஸ்’ தேவை என்று எல்லாரும் நினைத்துவிடுகிறார்கள். நீங்கள் அளந்து எழுதிய 90 டிகிரி, கிரீஸுக்குப் பெரிய சூடில்லை. உங்கள் எதிரிகள் தண்ணீரும், ஸ்கேல் தூளும், மெதுவான வேகமும்.

வேகத்தை முதலில் பார்ப்போம். சராசரி விட்டம் 140 மி.மீ. உள்ள பேரிங் 60 சுற்றில் ஓடும்போது முழுப் படலம் உருவாக 125 சென்டிஸ்டோக்குக்கு மேல் வேண்டும். அரியலூர் ஃபேனின் தேவையைப் போல இது பத்து மடங்கு. 40 டிகிரியில் 460 உள்ள எண்ணெய்கூட 90 டிகிரியில் 45க்குக் கீழே போய்விடும். ஆகவே எந்த கிரீஸைப் போட்டாலும் உங்கள் பேரிங்கில் உலோகம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டுதான் ஓடும். அந்தத் தொடுதலில் தேய்மானம் ஆகாமல் காப்பது சேர்மானங்களின் வேலை. மெதுவாக ஓடி, கனத்த பாரம் தாங்கி, திடீரென இடிபடும் இத்தகைய இடத்தில் அதிக அழுத்தம் தாங்கும் ஈ.பி. சேர்மானமும் சிறிதளவு மாலிப்டினமும் பொருந்தும்.

கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸில், அழுத்தம் தாங்கும் குணமும் துருவைத் தடுக்கும் குணமும் கெட்டியாக்கிக்கே உண்டு. வெளியிலிருந்து அவ்வளவாகச் சேர்க்க வேண்டியதில்லை. ஓரளவு தண்ணீரைத் தன்னுள் இழுத்துக்கொண்டும் அது குழைவு மாறாமல் நிற்கும். உங்கள் இடத்துக்கு நானும் அதையே சொல்வேன். ஒரு குறை உண்டு: அதில் கெட்டியாக்கியின் பங்கு மிகுதி என்பதால், நீண்ட குழாய்கள் வழியாக கிரீஸைத் தள்ளும் மையப் பம்ப் அமைப்பில் தடுமாறும். அப்படிப்பட்ட அமைப்பு இருந்தால் என்.எல்.ஜி.ஐ. 2ஐ விட்டு 1ஐக் கேளுங்கள். லித்தியத்திலிருந்து மாறும்போது ஒத்துப்போகிறதா என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் ஆலையில் கிரீஸுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. சீலின் உதட்டருகே நின்று தண்ணீரையும் தூளையும் உள்ளே விடாமல் அணை போடுவது அதுதான். ஆகவே இங்கே கிரீஸ் எத்தனை ஆயிரம் மணி நேரம் உழைக்கும் என்ற கேள்விக்கே இடமில்லை. ஷிஃப்டுக்கு ஒருமுறை சிறிது அடித்து, சீல் வழியாகப் புதிய கிரீஸ் விளிம்பு கட்டி நிற்கும்படி வைத்திருக்க வேண்டும்.

விலையைப் பற்றிக் கேட்டீர்கள். லித்தியம் கிரீஸுக்கான காப்புரிமையை அமெரிக்கரான கிளாரன்ஸ் ஏர்ல் பெற்றது 1942இல். அதன் பிறகு உலகில் மிகுதியாகப் பயன்படும் கிரீஸாக அதுவே இருந்து வருகிறது. அதில் சேரும் லித்தியம் ஹைட்ராக்சைடைத்தான் இப்போது மின்வாகன பேட்டரிக்காரர்களும் போட்டி போட்டு வாங்குகிறார்கள்; 2022இல் அதன் விலை செங்குத்தாக ஏறியபோதுதான் பலரும் கால்சியத்தின் பக்கமும் பாலியூரியாவின் பக்கமும் திரும்பினார்கள். கெட்டியாக்கியான அந்த லித்தியம் சோப்பின் மறுபாதி நமக்கு அந்நியமில்லை: 12-ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலம், ஆமணக்கு எண்ணெயிலிருந்து எடுக்கப்படுவது. உலகின் ஆமணக்கில் பெரும்பகுதி இந்தியாவில், அதிலும் குஜராத்தில்தான் விளைகிறது. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டு வண்டியின் அச்சுக்கு மை போட்ட தலைமுறைக்கு இது வியப்பாக இருக்காது.

கேள்வி: செங்கல் தயாரிப்பில் சூளைக்குள் போகும் தள்ளுவண்டிச் சக்கரங்களில் 6205 சீல் பேரிங் போடுகிறோம். உயர்வெப்ப கிரீஸை உள்ளே அடைத்துப் போட்டும் மாதக் கணக்கில்தான் வருகிறது. எந்த கிரீஸ் போடலாம்?

பதில்: கிரீஸை விட்டுவிட்டுப் பேரிங்கின் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண சீல் பேரிங்கின் ரப்பர் நைட்ரைல். 100 டிகிரிக்கு மேல் இறுகி வெடிக்கத் தொடங்கும். குண்டுகளைப் பிரித்துப் பிடித்திருக்கும் கேஜ் நைலான் வகையாக இருந்தால் அதற்கு 120 டிகிரி வரம்பு. சாதாரண பேரிங்கின் எஃகே 120 டிகிரிக்கு மேல் நெடுநாள் ஓடினால் உள்ளமைப்பு மாறி அளவில் மாறத் தொடங்கும்; எஸ்1 என்று குறித்தவை 200 டிகிரிக்கு நிலைப்படுத்தப்பட்டவை. உள்வளையம் சூட்டில் விரிந்து குண்டுகளை இறுக்காமல் இருக்க சி3யோ சி4ஓ கிளியரன்ஸ், அதாவது வழக்கத்தைவிடக் கூடுதலான உள் இடைவெளி வேண்டும். இவை எதுவும் சரியில்லாத பேரிங்கில் உலகிலேயே விலை உயர்ந்த கிரீஸைப் போட்டாலும், கிரீஸ் கெடுவதற்கு முன்னால் பேரிங் கெடும்.

உங்கள் சக்கரத்தருகே சூடு 200 டிகிரிக்குள் இருந்தால், உலோகக் கேஜும் உலோக ஷீல்டும் உள்ள நிலைப்படுத்திய பேரிங்கை வாங்கி, கழுவி, பி.எஃப்.பி.ஈ. நிரப்பலாம். 250ஐத் தாண்டுகிறது என்றால் கிரீஸையே மறந்துவிடுங்கள். சூளை வண்டிகளுக்கென்றே கிராஃபைட் கேஜ் உள்ள பேரிங்குகள் செய்யப்படுகின்றன; அவற்றில் கிராஃபைட்டே மசகு, அடிக்க வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் அவற்றின் உள்ளே ஓடும் இடைவெளி மிகப் பெரிது என்பதால் கையில் எடுத்து ஆட்டினால் கடகடவென்று ஆடும். தேய்ந்த பழைய பேரிங்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.